மதியும் ஊழியமும்: குளத்தூர் எல்லை வட்டாரத்தில் உணவு, வேலை, களிப்பு பற்றிய சொற்களின் வரலாறு

நெய்யாற்றின்கரை வட்டத்தின் தென்கோடியில், நெய்யாறு கடலொடு கலக்கும் பூவாற்றுக்கு அண்மையில், குளத்தூர் என்னும் ஊர் அமைந்துள்ளது. கழக்கூட்டத்தை அடுத்துள்ள குளத்தூர் வேறு. பெயரொற்றுமையால் இவ்விரண்டும் ஆவணங்களில் மயங்குவதுண்டு. இங்கு எடுத்துக்கொள்ளப்படுவது பாறசாலையை ஒட்டிய எல்லைப்புறக் குளத்தூர் ஆகும். 1956 நவம்பர் 1ஆம் நாள் தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் சென்னை மாநிலத்துடன் இணைந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரசின் கோரிக்கையில் நெய்யாற்றின்கரையின் பெயரும் இடம்பெற்றிருந்தது என்பதை நினைவுகூர்ந்தால், இக்கோடு எவ்வளவு வழக்குக்கு உட்பட்டது என்பது விளங்கும். ஆட்சிமொழியும் பள்ளிமொழியும் கோட்டின் இருபுறமும் வேறாயின. அடுக்களைச் சொற்களும் வயற்காட்டுச் சொற்களும் அவ்வாறு பிரியவில்லை.

இவ்வட்டாரத்துப் பந்தியில் உண்டு முடிப்பவர், பரிமாறுபவரின் கையைத் தடுத்து ‘மதி’ என்பார். போதும் என்பது பொருள். மலையாளத்தில் இது பொதுவழக்கு; விளவங்கோட்டுத் தமிழிலும் இயல்பாக வழங்குகிறது. பொதுத்தமிழில் மதி என்பது அறிவு, நிலவு, மதிப்பு என்னும் பொருள்களைத் தரும். ‘மதித்தல்’ என்னும் வினைக்கு அளவிடுதல், மதிப்பிடுதல் என்னும் பொருள் தொன்றுதொட்டு உண்டு. அளவிட்டு அறிந்தபின் நிறுத்துவதே ‘மதி’ ஆயிற்று எனக் கொள்ளலாம். ‘போதும்’ என்பது வயிறு நிறைந்ததைச் சொல்கிறது. ‘மதி’யோ உண்பவர் தாமே ஓர் அளவை வகுத்துக்கொண்டதைச் சொல்கிறது. திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரம் உணவில் அளவைப் பேசுவதும், சித்த மருத்துவம் பத்தியத்தை மருந்துக்கு இணையாக வைப்பதும் யாவரும் அறிந்தவை. அந்த அறிவு எல்லையோர ஊர்களில் ஒற்றைச் சொல்லாகச் சுருங்கி இலையடியில் வழங்குகிறது.

எனினும் ‘மதி’ என்று சொல்வதற்கு முன்னே இலையில் சோறு இருத்தல் வேண்டும். அளவோடு உண்டு, முறையோடு உழைத்து, காலத்தில் களித்து வாழ்வது என்னும் நெறி இவ்வட்டாரத்தில் எவரால் எவருக்கு வகுக்கப்பட்டது, எவருக்கு மறுக்கப்பட்டது, பின்னர் எவ்வாறு கேட்டுப் பெறப்பட்டது என்பதே இக்கட்டுரையின் பொருள். அதற்குச் சான்றாகச் சில ஆவணங்களும் அவற்றினும் மிகுதியாகச் சில சொற்களும் கொள்ளப்படுகின்றன.

சாலையும் கலமும்

பாறசாலைக்குத் தெற்கே, பழைய விளவங்கோடு வட்டத்தில், முஞ்சிறைக்கு அருகே பார்த்திவபுரம் உள்ளது. ஆய்வேள் மன்னன் கருநந்தடக்கன் முஞ்சிறைச் சபையாரிடம் நிலத்தை மாற்றாகப் பெற்று, அங்குத் திருமால் கோயிலொன்றை எடுத்து, பார்த்திவசேகரபுரம் எனப் பெயரிட்டு, ஒரு சாலையையும் நிறுவினான். இதனைக் கூறும் செப்பேடுகள் கி.பி. 866ஆம் ஆண்டின. திருவனந்தபுரத்து ஹஜூர்க் கச்சேரியில் இருந்தமையால் அவற்றிற்கு ஹஜூர் அலுவலகச் செப்பேடுகள் எனப் பெயர் வந்தது. து. அ. கோபிநாதராவ் அவற்றைத் திருவிதாங்கூர்த் தொல்லியல் வரிசையில் பதிப்பித்தார். சாலையில் தொண்ணூற்றைந்து சட்டர்க்கு இடம் வகுக்கப்பட்டது. பவிழிய சரணத்தார் நாற்பத்தைவர், தைத்திரீய சரணத்தார் முப்பத்தறுவர், தலவகார சரணத்தார் பதினால்வர் எனப் பகுத்திருந்தனர். இலக்கணமும் புரோகிதமும் அறிந்து, மூவேந்தர் நாட்டு வழக்காறாகிய திரைராஜ்ய வியவகாரத்திலும் தேர்ந்தோரே இடம்பெறத் தக்கவர்.

இச்செப்பேடு கோயிற்கொடையைக் கூறுவதோடு அமையவில்லை. ஒரு கூட்டுவாழ்க்கைக்கு விதி வகுக்கிறது. சட்டர் தம்முள் சண்டையிடல், அவைக்கு ஆயுதத்துடன் வரல், சூதாடல், மடத்தில் பெண்களை வைத்திருத்தல் ஆகியன விலக்கப்பட்டுள்ளன. தவறியவர்க்குத் தண்டம் உண்டு. உணவுரிமை நிறுத்தலும் உண்டு. உணவே இங்குக் கட்டுப்பாட்டின் கருவி. கற்றலுக்கும் உண்ணலுக்கும் ஒழுகலுக்கும் இடையே ஒரு சமநிலையை எழுத்தில் நிறுத்திய, இந்நிலப்பகுதியின் மிகப் பழைய ஆவணங்களுள் ஒன்று எனலாம்.

சாலையின் ஒழுங்கு காந்தளூர் மரியாதையைப் பின்பற்றியது என்று செப்பேடு குறிக்கிறது. மொழிபெயர்ப்பாளர் நிற்கவேண்டிய இடம் இது. இன்றைய தமிழில் மரியாதை என்பது பணிவையும் நன்மதிப்பையும் உணர்த்தும். வடமொழி மூலத்தில் அதன் பொருள் எல்லை, கரை, மீறலாகாத வரம்பு என்பதாம். ‘காந்தளூருக்கு மரியாதை செய்யும் வகையில்’ என்று இதனைப் பெயர்ப்பவர், முறை வழுவாது நடத்தப்பட்ட ஓர் உண்டிச்சாலையை உபசாரச் சொல்லாக்கிவிடுவார். எல்லை என்னும் பொருளிலிருந்து மதிப்பு என்னும் பொருளுக்கு மரியாதை சென்றதும், அளவிடுதல் என்னும் பொருளிலிருந்து போதும் என்பதற்கு மதி சென்றதும் ஒருங்கு வைத்து நோக்கத்தக்கவை. அளவை அறிந்தவனே மதிக்கத்தக்கவன் என்னும் எண்ணம் இவ்விரு சொற்களிலும் உறைந்திருக்கிறது.

காந்தளூர்ச் சாலை பற்றிய பூசல் இதனினும் பெரிது. முதலாம் இராசராசனின் ஆட்சித் தொடக்கத்திலிருந்தே அவன் கல்வெட்டுகள் அவனைக் காந்தளூர்ச் சாலையில் ‘கலமறுத்தவன்’ எனப் புகழ்கின்றன. கலம் என்பதை மரக்கலமாகக் கொண்டோர் சேரரின் கப்பற்படை அழிந்தது என்றனர். உண்கலமாகக் கொண்டோர் சாலையில் நடந்துவந்த ஊட்டு நிறுத்தப்பட்டது அல்லது வரையறுக்கப்பட்டது என்றனர். ஆவணம், வழக்கு என்னும் பொருள்களைக் காட்டினோரும் உளர். தேரூரில் பிறந்த கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை இச்சாலை குறித்துத் தனிநூலே எழுதினார். இடம் எது என்பதிலும் கருத்து வேறுபாடு உண்டு. திருவனந்தபுரத்து வலியசாலையைக் குறிப்பிடுவோரே மிகுதி. பூசல் தீர்ந்தபாடில்லை. ஆயினும் ஒன்று கூறலாம். பார்த்திவசேகரபுரச் செப்பேட்டைப் படித்தபின் உண்கலம் என்னும் பொருளை எளிதில் தள்ளிவிட இயலாது. தொண்ணூற்றைந்து பேரின் இலையே ஓர் அரசின் ஆவணமாகும்போது, அந்த இலையை எடுப்பதும் ஓர் அரசின் வெற்றியாகக் கருதப்பட்டிருத்தல் கூடும். கலத்தைக் கப்பலாகப் பெயர்த்துவிட்டால் அந்த வாய்ப்பு மறைந்துவிடும். பெயர்ப்போர் கலம் என்னும் சொல்லை அவ்வாறே வைத்துப் பொருள்களை அடைப்பிற்குள் தருவது நேர்மையானது.

ஊட்டுப்புரையின் மறுபக்கம்

சாலையின் மரபு பிற்காலத் திருவிதாங்கூரில் ஊட்டுப்புரைகளாகத் தொடர்ந்தது. பார்ப்பனர்க்கு நாள்தோறும் விலையின்றி உணவளித்த அவ்விடங்களால் இந்நாடு தருமராச்சியம் எனப் பெயர்பெற்றது. இலண்டன் மிசன் சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மட்டீர் 1871இல் வெளியிட்ட நூலுக்குத் தருமபூமி என்னும் பொருள்படப் பெயரிட்டார். அப்பெயரில் புகழ்ச்சியைவிடக் குத்தலே மிகுதி.

ஊட்டுப்புரைக்கு வாழையிலை எங்கிருந்து வந்தது, விறகு எவர் தலையில் வந்தது என்னும் வினாவிற்கு இரண்டு சொற்கள் விடையளிக்கின்றன. ஒன்று விருத்தி, மற்றொன்று ஊழியம். விருத்திக்காரர் நிலத்தைப் பெற்று, அதற்கீடாகக் கோயிலுக்கும் அரண்மனைக்கும் ஊட்டுப்புரைக்கும் காய்கறி, இலை முதலிய பொருள்களைக் கொடுக்கக் கடமைப்பட்டவர். நெல்வயலும் தோப்பும் அவர் கையில் இருந்தனவேயன்றி, அவற்றின் பயனில் பெரும்பகுதி கடனாய்க் கழிந்தது. தமிழில் விருத்தி என்றால் வளர்ச்சி என்றே இன்று கொள்வர். பிழைப்பு, தொழில் எனப் பொருள்படும் வேறொரு வடசொல்லும் தமிழெழுத்தில் அதே வடிவைப் பெறுவதால் இம்மயக்கம். மலையாளத்திலோ அப்பிழைப்புச்சொல் தூய்மை என்னும் பொருளுக்கும் சென்றுவிட்டது. பழைய திருவிதாங்கூர் நிலப்பதிவுகளைப் பெயர்க்கும் எவரும் மூன்று பொருள்களையும் முன்வைத்துக்கொண்டே ‘விருத்தி’யைத் தொடவேண்டும்.

ஊழியம் நிலமும் தராத கடமை. சாணார், பறையர், புலையர் முதலியோர் அரசுக்கும் கோயிலுக்கும் நிலவுடைமையாளருக்கும் கூலியின்றியோ பெயரளவுக் கூலியிலோ சுமை சுமந்தனர், சாலை திருத்தினர், யானைக்குத் தழை வெட்டினர். ஊழ் என்பது முறை. மலையாளத்து ஊழம் என்பது ஒருவரின் முறை வருதல். முறைவைத்துச் செய்யும் வேலை என்பதே ஊழியத்தின் வேர்ப்பொருள் போலும். முறை என்பது எல்லார்க்கும் மாறிமாறி வருவது. இங்கு அது சிலர்க்கு மட்டும் மாறாது வந்தது. காலை அந்தி வேறுபாடின்றி அழைப்பு வந்த நேரமே வேலை நேரம் என்றிருந்த ஒருவருக்கு ஊண்வேளை, ஓய்வுவேளை, விழாநாள் ஆகியவற்றை வகுக்கும் உரிமை இல்லை. சமநிலை வாழ்வு பற்றிய எந்த வரலாறும் இந்த இடத்தில் தடைப்பட்டு நிற்கவேண்டியதாகிறது.

பாறசாலையில் நெடுங்காலம் பணியாற்றிய ஜான் ஆப்ஸ் 1870இல் வெளியிட்ட தம் அனுபவ நூலும் மட்டீரின் நூல்களும் இந்நிலையை விரித்துரைக்கின்றன. மிசனரிகளின் கூற்றை அவர்தம் நோக்கத்தோடு சேர்த்தே எடைபோட வேண்டும். நன்கொடையாளரை மனத்திற்கொண்டு எழுதப்பட்டவை அவை. ஆயினும் வரலாற்றில் ஒரு சிறு நிகழ்வு பெரிதாகக் கருதத்தக்கது. 1810களின் நடுவில், கர்னல் மன்றோ அதிகாரம் செலுத்திய காலத்தில், கிறித்தவர்க்கு ஞாயிற்றுக்கிழமைகளில் ஊழியத்திலிருந்து விலக்களிக்கப்பட்டது. வழிபாட்டிற்காகக் கொடுக்கப்பட்ட சலுகை அது. உழைப்பவரின் வாரத்தில் ஒருநாள் அவர்க்கே உரியது என்று அரசே ஒப்புக்கொண்டதும் அதுவே. தமிழ் விவிலியத்தார் எபிரேயச் சொல்லை ‘ஓய்வுநாள்’ எனப் பெயர்த்தனர். மலையாள விவிலியம் மூலச்சொல்லை ‘சப்பத்து’ என ஒலிபெயர்த்தது. ஒலிபெயர்ப்பு சமயப் பொருளைக் காத்தது. பெயர்ப்போ ஊழியத்தால் முதுகு வளைந்தவன் காதில் தன் வாழ்க்கையைப் பற்றிய செய்தியாகவே விழுந்திருக்கும். இருமொழியும் வழங்கிய பாறசாலைப் பகுதித் திருச்சபைகளில் இவ்வேறுபாடு வெறும் ஏட்டளவில் நின்றிருக்க இடமில்லை.

அடிமைமுறை 1855இல் அரச அறிக்கையால் நீங்கியது. தோள்சீலைப் போராட்டம் 1859 அறிக்கையில் முடிந்தது. 1860களில், டி. மாதவராவ் திவானாக இருந்தபோது, பொதுவேலைக்குக் கூலி கொடுக்கும் முறை நிலைபெறத் தொடங்கியது. ஆயினும் ஊழியம் என்னும் சொல் மறையவில்லை, உயர்வு பெற்றது. தமிழ்க் கிறித்தவரிடையே இறைப்பணி ‘ஊழியம்’ ஆயிற்று; பணியாற்றுவோர் ஊழியர் ஆயினர். தமிழ்நாட்டு ஆட்சித்தமிழில் அரசு ஊழியர் என்பவர் ஊதியமும் விடுப்பும் ஓய்வூதியமும் பெறுபவர். மலையாளத்திலோ ஊழியம் இன்றும் கட்டாய வேலையின் நினைவையே சுமக்கிறது. களியக்காவிளையின் ஒருபுறத்தில் உரிமையைக் குறிக்கும் சொல் மறுபுறத்தில் உரிமையின்மையைக் குறிக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்ச் சான்றுகளைப் பெயர்க்கும்போது இவ்விரண்டில் எது என்று ஒவ்வோரிடத்தும் ஆராய வேண்டும். ஒரே பாறசாலைப் பதிவேட்டில் இரு பொருளும் வருதல் இயல்பே.

துவையல் பந்தி

நெறியை மேலிருந்து பெறாது தாமே வகுத்துக்கொண்ட முதற்பெரு முயற்சி அய்யா வைகுண்டரைச் (1809–1851) சூழ்ந்து எழுந்தது. அரசால் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறைவைக்கப்பட்டு மீண்டவர் அவர். அவரைப் பின்பற்றிய எழுநூறு குடும்பத்தார் வாகைப்பதியில் கூடிச் சில மாதங்கள் வாழ்ந்த வாழ்க்கைக்குத் துவையல் பந்தி எனப் பெயர். நாள்தோறும் கடலில் நீராடினர், உடையைத் துவைத்தனர், எளிய மரக்கறி உணவை உண்டனர், கூடி வழிபட்டனர். 1841இல் எழுதப்பட்டதாகக் கொள்ளப்படும் அகிலத்திரட்டு அம்மானை இதனைத் தவமாகப் பேசுகிறது.

பெயரே பெயர்ப்போரைச் சறுக்கவைக்கும். துவையல் என்றால் அரைத்த தொடுகறி. பந்தி என்றால் உண்பார் வரிசை. அறியாதார் இதனை ஒரு விருந்தென்றே எண்ணுவர். இங்குத் துவையல் என்பது துணி துவைத்தல். அடித்தும் இடித்தும் தூய்மையாக்கும் துவைத்தல் என்னும் வினையிலிருந்தே அடுக்களைத் துவையலும் பிறந்தது. தூய்மையற்றோர் எனத் தள்ளப்பட்டவர் தம் தூய்மையைத் தாமே நிறுவிக்கொண்டனர் என்பதும், அந்நிறுவலை ஒரே வரிசையில் அமர்ந்து உண்பதனோடு இணைத்தனர் என்பதும் இப்பெயரில் அடங்கியுள்ளன. சாலையின் தொண்ணூற்றைவர் உண்டது கொடையால். வாகைப்பதியில் கூடியவர்க்கு ஏட்டில் எழுதித்தந்த கொடையாளர் எவரும் இல்லை. ஒழுங்கு இரண்டிற்கும் பொது.

நெய்யாற்றங்கரையிலுள்ள அருவிப்புரத்தில் 1888இல் நாராயண குரு சிவலிங்கம் நிறுவியதும், திருவனந்தபுரத்துத் தைக்காட்டில் அய்யாவு சுவாமிகள் எல்லாச் சாதியாரையும் ஒரே பந்தியில் அமர்த்தியதும் இவ்வழியில் வந்தவை. அவை விரிவாக எழுதப்பட்டுள்ளன.

வயலிறங்காத ஆண்டு

வெங்ஙானூரில் 1863இல் பிறந்த அய்யன்காளி 1907இல் சாதுசன பரிபாலன சங்கத்தைத் தொடங்கினார். அதனை ஒட்டிய ஆண்டுகளில் நெய்யாற்றின்கரைப் பகுதி வயல்களில் வேலை நின்றது. ஒடுக்கப்பட்டோரின் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும் என்பது தலையாய கோரிக்கை. கூலியும் ஓய்வும் அடிதடிக்கு முடிவும் அதனோடு சேர்ந்தன என்று அவர் வரலாறு எழுதியோர் கூறுவர். விழிஞ்ஞத்து மீனவர் தம்மோடு கடலுக்கு அழைத்துச் சென்று வேலைநிறுத்தத்தாரின் பசியைத் தணித்தனர் என்றும் அவர்கள் குறிக்கின்றனர். 1914இல் ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்னும் சிறுமியைச் சேர்க்க முயன்றபோது பள்ளியே எரிக்கப்பட்டது.

நெல்லறுப்பவர் எழுத்தைக் கேட்டது ஏன் என்னும் வினாவிற்கு இதுகாறும் கண்ட சொற்களே ஓரளவு விடை தருகின்றன. ஊழியம், விருத்தி, மரியாதை என அவர் வாழ்வை அளந்த சொற்களெல்லாம் ஏட்டில் இருந்தன. ஏட்டைப் படிக்க இயலாதவர் வேலையின் அளவையும் கூலியின் அளவையும் பிறர் வாய்ச்சொல்லாகவே பெற்றார். உணவும் அவ்வாறே அளக்கப்பட்டது. மண்ணில் குழி தோண்டி, இலை விரித்து, அதில் ஊற்றப்பட்ட கஞ்சியைப் பலாவிலையைக் கோட்டிக் குடித்தல் இப்பகுதியின் பழைய வழக்கம். குழிக்கஞ்சி என்று மலையாளத்தில் வழங்கும் இச்சொல்லை இன்று சிலர் பழங்கால இனிமையாகவும் சிலர் இழிவாகவும் நினைவுகூர்கின்றனர். குழியைப் பார்த்த இடம் திண்ணையா முற்றமா என்பதைப் பொறுத்தது அந்த நினைவு. குழிக்கஞ்சியின் முன் அமர்ந்தவர் ‘மதி’ என்று சொல்லியிருப்பாரா என்பது ஐயமே.

கர்க்கடகமும் மரச்சீனியும்

இருவகை நினைவு கர்க்கடக மாதத்திற்கும் உண்டு. தமிழர் ஆடி என்பதும் மலையாளிகள் கர்க்கடகம் என்பதும் பெரும்பாலும் ஒரே நாட்கள். மழை அடைத்துப் பெய்ய வயல்வேலை ஓயும். அக்காலத்தில் எண்ணெய் தேய்த்து உழிதல், மருந்துக்கஞ்சி குடித்தல், பத்தியம் காத்தல் என உடம்பைச் செப்பனிட்டுக்கொள்வது கேரள மரபு. ஆண்டுமுழுதும் உழைத்த உடலுக்கு ஒரு மாதம் தருவது நல்ல நெறி என்பதில் ஐயமில்லை. மருந்துக்கடைகள் கட்டிவிற்கும் கஞ்சிப்பொதிகளின் வாயிலாக அது இன்று நகரங்களுக்கும் சென்றுள்ளது. அதே மாதத்திற்குப் பஞ்ஞக் கர்க்கடகம் என்னும் பெயரும் உண்டு. வேலை ஓய்ந்தால் கூலியும் ஓயும். களஞ்சியத்தில் நெல் வைத்திருந்தவருக்கு ஓய்வாக இருந்தது, நாட்கூலிக்குப் பசியாக இருந்தது. பஞ்ஞம் என்பது தமிழின் பஞ்சமே. ஞகர இரட்டிப்பு மலையாள ஒலிமாற்றம்.

இப்பசியை மரச்சீனி பெரிதும் தணித்தது. அமெரிக்க நிலத்திலிருந்து வந்த இக்கிழங்கைத் திருவிதாங்கூரில் பரப்பியவர் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் இராமவர்மா. 1942இல் பர்மா சப்பானியர் வசமாகி அரிசி வரத்து நின்றபோது வீடுகளைக் காத்தது இதுவே. பொதுத்தமிழில் மரவள்ளி, கேரளத்தின் பெரும்பகுதியில் கப்ப, தென்திருவிதாங்கூரில் இருமொழியார்க்கும் மரச்சீனி. மாநில எல்லையை மதியாமல் குளத்தூரையும் குழித்துறையையும் ஒரே சொல் இணைக்கிறது. இதன்மேல் மீன்குழம்பை ஊற்றி உண்பது ஏழ்மையின் உணவாகத் தொடங்கி, இன்று விரும்பி உண்ணும் உணவாயிற்று. இன்பம் எப்போதும் மேலிருந்து கீழே இறங்குவதன்று என்பதற்கு அடுக்களை நல்ல சான்று. இங்கே ஒன்று சேர்த்துக் கூறலாம். நெல்விளையும் நாஞ்சில்நாடு திருவிதாங்கூரின் நெற்களஞ்சியம் எனப்பட்டது. 1956இல் அது சென்னை மாநிலத்திற்குச் சென்றபோது எல்லைக்கு வடக்கே எழுந்த கவலைகளுள் சோற்றுக் கவலையும் ஒன்று.

வேலையும் களியும்

வேலைக்கும் களிப்புக்கும் உள்ள உறவை இவ்விரு மொழிகளின் வழக்கு வியப்பான வகையில் காட்டுகிறது. தமிழில் வேலை என்பது தொழில். செய்யுளில் கடலையும் பொழுதையும் குறிக்கும். மலையாளத்தில் வேல என்பது தொழில், கோயில் திருவிழாவும் ஆகும். நெம்மாறை வல்லங்ஙி வேலைக்குச் செல்வோர் உழைக்கச் செல்வோர் அல்லர். அம்பலப்புழையிலும் திருவனந்தபுரத்திலும் ஆடப்பெற்ற வேலகளி ஒரு போர்க்கூத்து. அன்றாடத் தொழிலுக்கு மலையாளம் பணி, சோலி என்னும் சொற்களைக் கொள்ளும். தமிழில் பணி உயர்நடைச் சொல். மலையாளத்தில் கொத்தனும் தச்சனும் செய்வது பணி. சோலி நெல்லை, குமரி வழக்கிலும் உண்டு. பொதுத்தமிழில் அது வேண்டாத தலையீட்டைக் குறிக்கும். ‘எனக்குச் சோலி இருக்கிறது’ என்று குமரியில் ஒருவர் சொன்னால் வேலை இருக்கிறது என்பதே பொருள்.

களி இதனினும் சுவையானது. தமிழில் களி மகிழ்ச்சி, செருக்கு, மது மயக்கம். கிண்டிய கட்டியுணவும் களியே. மலையாளத்தில் களி விளையாட்டு, ஆட்டம். மார்கழித் திருவாதிரையன்று தமிழர் இல்லத்தில் திருவாதிரைக் களி உண்ணப்படும். மலையாளி இல்லத்தில் திருவாதிரைக்களி ஆடப்படும். நாளும் ஒன்று, தொடரும் ஒன்று. ஒன்று வெல்லமும் அரிசியும் கலந்த படையல், மற்றொன்று மகளிர் வட்டமாய்க் கைகொட்டி ஆடுவது. ஆடும் மகளிர் அன்று அரிசியை விலக்கிக் கிழங்கும் பயறும் சேர்ந்த புழுக்கு உண்பர். எல்லையோரத்தில் இருமரபும் அடுத்தடுத்த வீடுகளில் நிகழும். மொழிபெயர்ப்பு எந்திரம் மட்டுமன்று, இருமொழி அறிந்த மாந்தரும் இங்கு இடறுவர்.

இதனோடு ‘கழித்தல்’ என்னும் வினையையும் வைக்கலாம். ‘ஊணு கழிச்சோ’ என்பது உண்டாயிற்றா என்னும் அன்பு வினவல். வடபகுதித் தமிழர்க்கு அது திகைப்பூட்டும்; கழித்தல் அவர்க்கு நீக்கல், குறைத்தல். பொழுது கழித்தல் என்னும் தமிழ்த்தொடரை நினைத்தால் மலையாள வழக்கின் தருக்கம் விளங்கும்: முடித்து நிறைவேற்றுதல். மலையாளி ஊணையும் கழிப்பார், கல்யாணத்தையும் கழிப்பார். ஊண் என்பதும் தமிழில் நூல்வழக்காய் ஒடுங்க, மலையாளத்தில் நண்பகற் சோற்றுக்கு வாழும் பெயராய் நிற்கிறது. அச்சில் ஒரெழுத்து மாறி ‘ஊன்’ ஆகிவிட்டால் மரக்கறி விருந்து புலால் விருந்தாகும், இப்பிழை அரிதன்று. சுகம் என்பது மலையாளத்தில் முதலில் உடல்நலம். ‘சுகமில்லை’ என்றால் நோய். ஈழத்தமிழிலும் குமரித் தமிழிலும் அப்பொருளே முன்னிற்கிறது. தமிழகப் பேச்சில் சுகம் இன்பத்தின் பக்கமாய்ச் சாய்ந்துவிட்டது. நலமும் இன்பமும் பிரியாதிருந்த நிலையை விளிம்பிலுள்ள வழக்குகள் காத்துவைத்திருக்கின்றன.

இச்சொற்களின் அகராதிநிலை இன்னும் நிறைவுறவில்லை. 1924 முதல் 1936 வரை வெளிவந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் நாஞ்சில்நாட்டு வழக்கைத் தனிக்குறியீட்டால் சுட்டியது. அந்த ஆண்டுகளில் நெய்யாற்றின்கரைத் தமிழுக்கு அத்தகைய குறியீடு இல்லை. நாஞ்சிலுக்கும் திருவனந்தபுரத்திற்கும் இடைப்பட்ட பேச்சு எதனுள்ளும் முழுமையாக அடங்கவில்லை. 1872இல் வெளிவந்த குண்டர்ட்டின் மலையாள அகராதியோ தலச்சேரியில் வாழ்ந்தவர் தொகுத்தது; தென்கோடி வழக்கு அவர் செவிக்கு எட்டத் தொலைவு. குளத்தூர், பொழியூர், உச்சக்கடை, பாறசாலைப் பகுதி முதியோர் பேச்சில் மதி, மரச்சீனி, சோலி, ஊழியம் ஆகியவை எந்த மொழியின் சொற்களாக உணரப்படுகின்றன என்பது களத்தில் கேட்டறியத்தக்கது. மலையாளப் பள்ளியில் படித்த பேரப்பிள்ளையிடம் தமிழில் பேசும் பாட்டி, சோற்றை இன்னும் ஓர் அகப்பை வைக்கவா என்று வினவுவாள். பிள்ளை ‘மதி’ என்னும். அச்சொல்லைப் பாட்டி தமிழாகக் கேட்கிறாள். பிள்ளை மலையாளமாகச் சொல்கிறது.